மலையூரில் குடியேற விரும்புவோர்க்கு வரலாறு சொல்லும் பாடம்

ஒவ்வோர் ஆண்டும் ஐப்பசி, கார்த்திகை மாதங்கள் நெருங்கும்போது பள்ளிக்கரணை, வேளச்சேரி, மேடவாக்கம், பெரும்பாக்கம் பகுதிகளில் வாழும் குடும்பங்களிடையே ஒரு கவலை எழுகிறது. கீழ்த்தளத்துப் பொருள்களை எப்போது மாடிக்கு ஏற்றுவது, வண்டியை மேம்பாலத்தின் மீது நிறுத்த இடம் கிடைக்குமா, முதியவர்களை எந்த உறவினர் வீட்டுக்கு முன்கூட்டியே அனுப்புவது என்ற கவலை அது. 2015 டிசம்பர் வெள்ளத்தையும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலோடு வந்த வெள்ளத்தையும் கண்டவர்களுக்கு அந்தக் கவலை மிகையாகத் தோன்றாது.

அந்தக் கவலையோடு சேர்ந்தே இன்னொரு பேச்சும் வருகிறது. இந்த வீட்டை விற்றுவிட்டுக் கோத்தகிரியிலோ குன்னூரிலோ கொடைக்கானலிலோ ஏற்காட்டிலோ ஒரு சிறு வீடு வாங்கிக்கொண்டு போய்விட்டால் என்ன என்பதே அது. வளைகுடா நாடுகளில் இருபது ஆண்டுகள் உழைத்துத் திரும்பியவர்களும், பணி ஓய்வு பெற்றவர்களும், வீட்டிலிருந்தே கணினி வழியாக வேலை பார்க்கும் இளைஞர்களும் இதை விளையாட்டாக அல்லாமல் உண்மையாகவே எண்ணிப் பார்க்கின்றனர். குளிர்ந்த காற்று, பசுமை, அமைதி, வெள்ளம் ஏறாத உயரம் ஆகியவற்றை விரும்புவதில் குற்றமில்லை. அழகை நேசிப்பது இறைநம்பிக்கைக்கு முரணானதும் அன்று.

ஆயினும், ஓர் ஊரைச் சுற்றிப் பார்க்கத் தேர்ந்தெடுப்பது வேறு, வாழத் தேர்ந்தெடுப்பது வேறு. பின்னது ஒரு குடும்பத்தின் தொழுகை, பிழைப்பு, கல்வி, மருத்துவம், உறவு, இறுதியில் அடக்கத்தலம் வரை அனைத்தையும் தீர்மானிக்கும் முடிவு. இத்தகைய முடிவை நம் முன்னோர் எவ்வாறு அணுகினர் என்பதையும், தமிழகத்தின் மலையூர்கள் எவ்வாறு உருவாயின என்பதையும் அறிந்துகொண்டு முடிவெடுப்பது நல்லது.

பாலைப் பள்ளத்தாக்கில் ஒரு குடியேற்றம்

இஸ்லாமிய வரலாற்றில் குடியேற்றம் என்றவுடன் முதலில் நினைவுக்கு வருவது இப்ராஹீம் நபி (அலை) அவர்கள் தம் துணைவி ஹாஜர் (அலை) அவர்களையும் குழந்தை இஸ்மாயீல் (அலை) அவர்களையும் மக்காவின் பள்ளத்தாக்கில் விட்டுச் சென்ற நிகழ்ச்சி. அங்கே அழகும் இல்லை, பயிரும் இல்லை. அப்போது அவர்கள் செய்த பிரார்த்தனை திருக்குர்ஆனின் 14ஆவது அத்தியாயத்தில் இடம்பெற்றுள்ளது. அதன் பொருளை நோக்கினால் ஓர் இருப்பிடத்துக்கு வேண்டியவை வரிசையாக அமைந்திருப்பதைக் காணலாம். தொழுகை நிலைநாட்டப்பட வேண்டும் என்பது முதலாவது. மக்களின் உள்ளங்கள் அவர்கள்பால் சாய வேண்டும் என்பது இரண்டாவது. உண்பதற்குக் கனிகள் கிடைக்க வேண்டும் என்பது மூன்றாவது. வழிபாடு, மனிதர்கள், வாழ்வாதாரம் என்பதே அந்த வரிசை.

இதன் தொடர்ச்சியாக ஸஹீஹுல் புகாரீயில் இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் வாயிலாகப் பதிவாகியுள்ள நிகழ்ச்சி நம் பொருளுக்கு மேலும் நெருக்கமானது. ஸம்ஸம் ஊற்றெடுத்த பின்னர், அவ்வழியே சென்ற ஜுர்ஹும் குலத்தார் பறவை ஒன்று வட்டமிடுவதைக் கண்டு அங்கே நீர் இருப்பதை அறிந்தனர். வந்து பார்த்தபோது ஒரு பெண்மணியும் ஒரு குழந்தையும் மட்டுமே அங்கு இருந்தனர். வலிமை மிக்க ஒரு குலம் தனித்திருந்த பெண்மணியைப் பொருட்படுத்தாமல் கூடாரம் அடித்திருக்கலாம். அவர்கள் அவ்வாறு செய்யவில்லை. அங்கே தங்கிக்கொள்ள ஹாஜர் (அலை) அவர்களிடம் அனுமதி கேட்டனர். அவர்களும் அனுமதி அளித்தார்கள். ஆனால் நீரின் மீது உங்களுக்கு உரிமை இல்லை என்ற நிபந்தனையோடு. ஜுர்ஹும் குலத்தார் அதை ஏற்றுக்கொண்டனர்.

மக்கா என்னும் மாநகரின் முதல் குடியேற்றம் இவ்வாறு தொடங்கியது. புதிதாக வருபவர் முன்பே இருப்பவரிடம் அனுமதி கேட்கிறார். நீர் யாருக்கு உரியது என்பது தொடக்கத்திலேயே தெளிவாக்கப்படுகிறது. இவ்விரண்டையும் மனத்தில் இருத்திக்கொண்டு மலைகளை நோக்கிச் செல்வோம்.

தாயிஃப்: நபிவரலாற்றின் மலையூர்

மக்காவின் வெப்பத்துக்கு மாற்றாக அருகிலேயே ஒரு மலையூர் இருந்தது. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,800 மீட்டர் உயரத்தில், நம் குன்னூருக்கு ஏறக்குறைய இணையான உயரத்தில் அமைந்த தாயிஃப் நகரமே அது. திராட்சையும் மாதுளையும் விளையும் தோட்டங்கள், குளிர்ந்த காற்று, மதில் சூழ்ந்த பாதுகாப்பு ஆகிய அனைத்தும் அங்கே இருந்தன. குறைஷிச் செல்வந்தர்கள் பலருக்கு அங்கே தோட்டங்கள் இருந்தன.

நபித்துவத்தின் பத்தாம் ஆண்டில், அதாவது கி.பி. 619 அளவில், நபி (ஸல்) அவர்கள் அந்த ஊரை நாடிச் சென்றார்கள். அழகான அந்த ஊர் அவர்களை ஏற்கவில்லை. தலைவர்கள் இகழ்ந்தனர், சிறுவர்களும் அடிமைகளும் கல்லெறிந்தனர். காலில் குருதி வழிய அவர்கள் ஒதுங்கியது மக்காவைச் சேர்ந்த உத்பா, ஷைபா சகோதரர்களின் திராட்சைத் தோட்டத்தில். அவர்களின் பணியாளர் அத்தாஸ் என்பவரே ஒரு தட்டில் திராட்சைக் குலையைக் கொண்டுவந்து கொடுத்தார். திரும்பும் வழியில் மலைகளுக்குப் பொறுப்பான வானவர் தோன்றி, அந்த மக்களை மலைகளுக்கிடையே நசுக்கிவிடவா என்று கேட்டபோது, அவர்களின் சந்ததியிலாவது இறைவனை வணங்குவோர் தோன்றுவர் என்று நம்புவதாகக் கூறி நபி (ஸல்) அவர்கள் மறுத்துவிட்டார்கள். ஹிஜ்ரி 9ஆம் ஆண்டில் அந்த ஊர் இஸ்லாத்தை ஏற்றது.

பிற்காலத்தில் அதே தாயிஃபில் வாழ்ந்து, ஹிஜ்ரி 68இல் அங்கேயே மறைந்து அடங்கியவர், ஜுர்ஹும் குலத்தாரின் நிகழ்ச்சியை நமக்கு அறிவித்த அதே இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள்தாம். மக்காவில் நிலவிய அரசியல் நெருக்கடியால் முதிய வயதில் அவர்கள் அங்கே சென்றார்கள். ஆகவே மலையூரில் வாழ்வது நம் மரபுக்குப் புதிதன்று. ஆனால் ஓர் ஊரின் பசுமை அதன் மக்களின் பண்புக்கு உறுதி அளிப்பதில்லை என்பதையும், தோட்டம் யாருடையது என்பதைவிடத் திராட்சையைக் கொண்டுவந்து கொடுத்த கை யாருடையது என்பதே நினைவில் நிற்கிறது என்பதையும் தாயிஃபின் வரலாறு சொல்கிறது.

இப்னு கல்தூன் வகுத்த அளவுகோல்

ஊர் அமையும் இடத்தை ஆராய்ந்து எழுதிய முஸ்லிம் அறிஞர்களுள் இப்னு கல்தூன் (1332–1406) முதன்மையானவர். தம் ‘முகத்திமா’ நூலை அவர் எழுதியதும் ஒரு மலைப்புறத்தில்தான். இன்றைய அல்ஜீரியாவில் உள்ள இப்னு ஸலாமா கோட்டையில் அரசியலிலிருந்து விலகித் தங்கியிருந்த காலத்தில், 1377இல், அந்நூலின் முதல் வடிவத்தை முடித்தார்.

நகரங்களைப் பற்றிய பகுதியில் அவர் குறிப்பிடும் தேவைகள் எளியவை. ஊருக்குப் பாதுகாப்பு வேண்டும். காற்று தேங்காமல் வீச வேண்டும். தேங்கிய, கெட்ட நீருக்கு அருகில் ஊர் அமைந்தால் நோய் பெருகும். நல்ல நீர் அருகில் இருக்க வேண்டும். கால்நடைக்கு மேய்ச்சலும், உணவுக்கு விளைநிலமும், அடுப்புக்கு விறகும் எட்டும் தொலைவில் கிடைக்க வேண்டும். தம் சொந்த மரபைக் கண்டிக்கவும் அவர் தயங்கவில்லை. கூஃபா, பஸரா, கைரவான் ஆகிய நகரங்களை நிறுவிய அரபுகள் ஒட்டகங்களின் மேய்ச்சலையும் பாலைவன வழிகளையும் மட்டுமே கருதினர். நீரையும் விளைநிலத்தையும் விறகையும் கருதவில்லை. ஆகையால் அந்நகரங்கள் விரைவில் நலிவுற்றன என்று அவர் காரணம் கூறுகிறார்.

ஏதேனும் ஒரு வசதியை மட்டும் கண்டு ஊரைத் தேர்ந்தெடுத்தால் மற்ற தேவைகள் பின்னால் வந்து கணக்குக் கேட்கும் என்பதே அவர் கருத்தின் சாரம். அன்று அந்த ஒற்றை வசதி ஒட்டகத்தின் மேய்ச்சலாக இருந்தது. இன்று நமக்கு அது சன்னலுக்கு வெளியே தெரியும் காட்சியாக இருக்கிறது. இந்த அளவுகோலை நம் நீலகிரியில் வைத்துப் பார்ப்போம்.

நீலகிரியைத் தேர்ந்தெடுத்தவர்கள்

1799இல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்து திப்பு சுல்தான் வீரமரணம் எய்தியபின், மைசூர் ஆட்சிக்கு உட்பட்டிருந்த நீலகிரி கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு மாறியது. 1812இல் நில அளவையாளர்கள் சிலரும், 1818இல் கோயம்புத்தூர்க் கலெக்டரின் உதவியாளர்களான விஷ், கிண்டர்ஸ்லி ஆகியோரும் மலையேறித் திரும்பினர். அவர்கள் கொண்டுவந்த செய்தியைக் கேட்டு 1819இல் கலெக்டர் ஜான் சல்லிவன் தாமே மலையேறினார். கோத்தகிரிக்கு அருகே கன்னேரிமுக்கில் முதலில் தங்குமிடம் அமைத்தார். சிறுமுகையிலிருந்து மேலே ஏறும் பாதை 1823க்குள் அமைக்கப்பட்டது. 1822இல் உதகையில் அவர் கட்டத் தொடங்கிய ‘கல் பங்களா’ இன்று அரசு கலைக் கல்லூரியின் வளாகத்தில் இருக்கிறது.

அவர்கள் மலையைத் தேர்ந்தெடுத்ததற்கு முதற்காரணம் அழகன்று, அச்சம். சமவெளியின் காய்ச்சலும் வாந்திபேதியும் ஐரோப்பியர்களைக் கூட்டம் கூட்டமாகக் கொன்றுகொண்டிருந்தன. நோயாளிகளான படைவீரர்கள் உடல் தேறுவதற்கு ஏற்ற இடம் என்றே நீலகிரி முதலில் போற்றப்பட்டது. கொடைக்கானலின் கதையும் அதுவே. மதுரையில் பணியாற்றிய அமெரிக்க மதப் பணியாளர்கள் நோய்க்குத் தம்மவரைப் பறிகொடுத்தபின் 1845இல் பழனி மலைமீது வீடுகள் கட்டினர். இன்று நாம் வெள்ளத்துக்கு அஞ்சி மலையை நோக்குவது போலவே அவர்களும் காய்ச்சலுக்கு அஞ்சி மலையை நோக்கினர்.

ஆனால் மலை யாருக்கும் சாவிலிருந்து விடுதலை அளிக்கவில்லை. உதகையை உருவாக்கிய சல்லிவனின் மனைவியும் மகளும் அந்தக் குளிர்ந்த ஊரிலேயே இறந்து, புனித ஸ்டீபன் ஆலயத்தின் கல்லறைத் தோட்டத்தில் அடங்கியுள்ளனர். 1830ஆம் ஆண்டளவில் கட்டி முடிக்கப்பட்ட அந்த ஆலயத்தின் பெரிய உத்தரங்கள் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் இருந்த திப்பு சுல்தானின் அரண்மனையிலிருந்து கொண்டுவரப்பட்டவை. ஓர் அரசரின் கூரையைத் தாங்கிய மரம் அவரை வீழ்த்தியவர்களின் வழிபாட்டுத் தலத்தைத் தாங்க மலையேறிச் சென்றது. நிலையான வீடு என்று மனிதன் எதைக் கட்டினாலும் அதன் உத்தரம் வேறொருவரின் கூரைக்குச் செல்லக்கூடும். மறுமையை நம்பும் நமக்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

முன்பே அங்கே இருந்தவர்கள்

சல்லிவன் ஏறிச் சென்றபோது அந்த மலை ஆளற்றுக் கிடக்கவில்லை. எருமை மேய்த்து வாழ்ந்த தோடர்கள், கைவினைஞர்களான கோத்தர்கள், உழவர்களான படகர்கள், காட்டை நம்பி வாழ்ந்த குறும்பர்கள், இருளர்கள் ஆகியோர் தத்தம் வழக்கங்களோடு ஒருவரையொருவர் சார்ந்து வாழ்ந்துவந்தனர். சல்லிவன் தோடர்களிடம் நிலம் வாங்கினார். அந்த நிலத்தின் மீது அவர்களுக்கு உரிமை உண்டு என்று தம் மேலதிகாரிகளிடம் வாதிடவும் செய்தார் என்பதைக் குறிப்பிடாமல் இருப்பது நேர்மையாகாது. எனினும் அவருக்குப் பின் வந்த அலையை எவராலும் தடுக்க இயலவில்லை.

தோடர்களின் எருமைகள் மேய்ந்த புல்வெளிகள் வெளியார் கண்ணுக்குப் பயனற்ற வெறும் நிலமாகத் தோன்றின. ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த கற்பூர மரமும் சீகை மரமும் அங்கே நடப்பட்டன. பிறகு காப்பியும் தேயிலையும் வந்தன. உண்மையில் அந்தப் புல்வெளியும் அதன் மடிப்புகளில் அமைந்த சோலைக்காடும் சேர்ந்துதான் மழைநீரைப் பஞ்சுபோல் உறிஞ்சி வைத்து, மெல்ல மெல்ல ஓடைகளில் விட்டு, பவானிக்கும் மோயாற்றுக்கும் ஆண்டு முழுவதும் நீர் அளித்துவந்தன. ஜுர்ஹும் குலத்தார் பறவையைக் கண்டு நீரை அறிந்தனர். நீரின் உரிமையையும் மதித்தனர். நீலகிரியில் நீர் பிறக்கும் இடமே காட்சி அழகுக்கும் தோட்டப் பயிருக்குமாக மாற்றப்பட்டது.

மலையை விரும்பித் தேர்ந்தெடுத்தவர்கள் சிலர். வேறு வழியின்றி அங்கே வாழ வந்தவர்கள் பலர். 1870களிலிருந்து சென்னை மாகாண அரசு ஆண்டில் பாதிக் காலத்தை உதகையில் கழிக்கத் தொடங்கியபோது, அதன் மூட்டைகளையும் கோப்புகளையும் தூக்கிச் சென்றவர்கள் குளிரை நாடிச் செல்லவில்லை. கூலியை நாடிச் சென்றனர். 1899இல் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரையும், 1908இல் உதகை வரையும் ஓடத் தொடங்கிய மலை ரயிலின் பாதையை வெட்டியவர்களும் அவ்வாறே. 1964இல் ஏற்பட்ட சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கையின் மலைநாட்டிலிருந்து தாயகம் திரும்பிய தமிழ்க் குடும்பங்கள் பலவற்றுக்குக் கூடலூரும் கோத்தகிரியும் குன்னூரும் புகலிடமாயின. நாம் விடுமுறையில் படம் எடுக்கும் தேயிலைச் சரிவு அவர்களுக்கு நாட்கூலியின் களம்.

நீலகிரி முஸ்லிம்களின் வரலாறும் இத்தகையதே. 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி அம்மாவட்டத்தில் ஏறத்தாழ பத்தில் ஒருவர் முஸ்லிம். கூடலூர்ப் பகுதியில் மலையாளம் பேசுவோரும், உதகை, குன்னூர்ப் பகுதிகளில் தமிழும் உருதும் பேசுவோரும் வாழ்கின்றனர். இவர்களுள் பெரும்பாலோரின் முன்னோரை அங்கே அழைத்துச் சென்றது காட்சி அழகு அன்று, வணிகமும் உழைப்பும்தான். அவர்கள் அங்கே வேரூன்றியதற்குக் காரணம், பள்ளிவாசல், மதரஸா, அடக்கத்தலம், அண்டை சமூகத்தாரோடு கொடுக்கல் வாங்கல் ஆகியவற்றைத் தலைமுறை தலைமுறையாக அமைத்துக்கொண்டதே. இன்று மலையேறும் குடும்பம் அவர்களின் ஜமாஅத்தில் ஓர் உறுப்பாகச் செல்கிறதா, கோடையில் மட்டும் திறக்கும் பூட்டிய வீடாகச் செல்கிறதா என்பது முக்கியமான வேறுபாடு.

ஏரியும் கழிவெளியும்

உதகையின் அழகுக்கு அடையாளமாகக் காட்டப்படும் ஏரி இயற்கையானது அன்று. மலையிலிருந்து இறங்கும் ஓடைகளைத் தடுத்து 1820களில் சல்லிவன் அமைத்தது அது. இன்று காண்பதைவிட அந்த ஏரி மிகவும் பெரியதாக இருந்தது. ஊர் வளர வளர ஏரியின் பகுதிகள் தூர்க்கப்பட்டன. இன்றைய பேருந்து நிலையமும் குதிரைப் பந்தயத் திடலும் பூங்காவும் முன்னாள் ஏரியின் பரப்பில் அமைந்தவையே. பந்தயத் திடலின் நிலத்தை 2024இல் தமிழ்நாடு அரசு திரும்பக் கையகப்படுத்தியது. இயற்கை அழகை நாடி வந்தவர்களின் வசதிக்காகவே அந்த அழகின் ஒரு பகுதி மண்ணுக்குள் போனது.

பள்ளிக்கரணையில் வாழும் நமக்கு இந்தக் கதை புதிதாகத் தோன்றாது. நம் சதுப்பு நிலத்தை முன்னோர் ‘கழிவெளி’ என்று அழைத்தனர். தென்சென்னையின் ஏரிகள் நிரம்பி வழியும் நீர் ஒன்றன்பின் ஒன்றாக இறங்கி வந்து இங்கே பரவி நிற்கும். பிறகு ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாயை அடைந்து கோவளத்தருகே கடலில் சேரும். ஒரு காலத்தில் இதன் பரப்பு 5,000 ஹெக்டேர் அளவில் இருந்தது என மதிப்பிடப்படுகிறது. 2022இல் பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ராம்சர் ஈரநிலமாக அறிவிக்கப்பட்ட பரப்பு 1,247 ஹெக்டேர். எஞ்சியவை குடியிருப்புகளாகவும், சாலைகளாகவும், நிறுவன வளாகங்களாகவும், பெருங்குடிக் குப்பைக் கிடங்காகவும் மாறின.

அருவருப்பான வெறும் நிலம் என்று சதுப்பைக் கருதினோம். பயனற்ற வெறும் நிலம் என்று மலைப் புல்வெளியைக் கருதினர். இரண்டும் நீரைத் தாங்கிக்கொள்ளும் இடங்கள். இரண்டிலும் நீரின் உரிமையைக் கேளாமல் மனிதர் குடியேறினர். சமவெளியில் அந்த நீர் வீட்டுக்குள் ஏறி வருகிறது. மலையில் அது மண்ணோடு சேர்ந்து இறங்கி வருகிறது.

2009 நவம்பரில் நீலகிரியில் பெய்த பெருமழையில் ஏற்பட்ட நிலச்சரிவுகளில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் மழை பதிவானது. 2024 ஜூலை 30 அதிகாலையில் அண்டை மாவட்டமான வயநாட்டின் முண்டக்கை, சூரல்மலைப் பகுதிகள் நிலச்சரிவில் அழிந்தன. இருநூறுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். உறங்கிக்கொண்டிருந்த முஸ்லிம், இந்து, கிறித்துவக் குடும்பங்களை அந்த மண் வேறுபாடு பார்க்காமல் மூடியது. அல்லாஹ் அவர்களின் உறவினர்க்குப் பொறுமையை அருள்வானாக. இத்தகைய இடர்களுக்கு மழையின் அளவே முதற்காரணம் எனினும், சரிவை வெட்டிக் கட்டுவதும் ஓடையின் வழியை அடைப்பதும் சேதத்தைப் பெருக்குகின்றன என்பதை மலைவாழ் மக்கள் நன்கு அறிவர்.

மற்றொரு செய்தியும் நம் கவனத்துக்குரியது. 2001இல் 7,62,141 ஆக இருந்த நீலகிரி மாவட்டத்தின் மக்கள்தொகை 2011இல் 7,35,394 ஆகக் குறைந்தது. வெளியார் மேலே ஏற விரும்பும் அதே காலத்தில் அங்கே பிறந்த இளைஞர்கள் வேலை தேடிக் கோயம்புத்தூருக்கும் திருப்பூருக்கும் இறங்கிக்கொண்டிருக்கின்றனர். அண்மைக் காலம் வரை உயர் சிகிச்சைக்கும் கோயம்புத்தூர் வரை இறங்க வேண்டியிருந்தது. உதகையின் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை 2025இல்தான் திறக்கப்பட்டது. மழை மிகுந்த அந்த மலையிலேயே குன்னூர் நகரம் கோடையில் குடிநீருக்குத் தவிப்பதும் உண்டு. வண்டிகளின் நெரிசலைத் தாங்க இயலாமல், சென்னை உயர் நீதிமன்றத்தின் ஆணைப்படி 2024 மே மாதம் முதல் உதகைக்கும் கொடைக்கானலுக்கும் செல்வோர் இ-பாஸ் பெற வேண்டியிருக்கிறது. மலைக்குச் செல்ல அனுமதி கேட்கும் வழக்கம் இவ்வாறு சட்டத்தின் வாயிலாகத் திரும்பியிருக்கிறது.

குடும்பம் கூடிக் கேட்க வேண்டிய வினாக்கள்

இவ்வளவும் சொல்வது மலையூரில் எவரும் குடியேறக் கூடாது என்பதற்காக அன்று. முதியவரின் மூச்சுத்திணறலுக்குச் சென்னையின் புழுக்கம் ஒவ்வாமல் இருக்கலாம். பிள்ளைகளின் வேலை இடத்தைச் சாராததாக இருக்கலாம். உண்மையான தேவை உள்ளவர் செல்வதே முறை. ஆனால் செல்வதற்கு முன் குடும்பத்தார் அனைவரும் கூடி ஆலோசித்து, இஸ்திகாராத் தொழுகையும் தொழுது, சில வினாக்களுக்கு நேர்மையாக விடை காண வேண்டும்.

முதல் வினா தொழுகையைப் பற்றியது. ஐவேளை ஜமாஅத்துக்கும் ஜும்ஆவுக்கும் நடந்தோ எளிதாகவோ செல்ல முடியுமா? வயது முதிர்ந்தபின் அந்த ஏற்ற இறக்கத்தில் கால்கள் ஒத்துழைக்குமா? மையித்தைக் குளிப்பாட்டவும் தூக்கவும் அருகில் மனிதர்கள் இருப்பார்களா?

இரண்டாவது, மனிதர்களைப் பற்றியது. வீட்டுக்கு முன் அண்டைவீட்டாரைப் பார் என்பது அரபுலகில் வழங்கும் முதுமொழி. ஒரு கோடையில் தங்கிப் பார்ப்பதைவிட, வடகிழக்குப் பருவமழையின்போது ஒரு மாதம் வாடகை வீட்டில் தங்கிப் பார்ப்பது சிறந்தது. மூடுபனியிலும் மின்தடையிலும் அந்த ஊர் எப்படி இருக்கிறது, யார் கதவைத் தட்டி நலம் கேட்கிறார்கள் என்பது அப்போதுதான் தெரியும். வீட்டுப் பெண்களின் கருத்துக்கு இங்கே கூடுதல் இடம் தர வேண்டும். வெளியே சென்றுவரும் ஆணுக்கு அமைதியாகத் தோன்றும் தனி வீடு, நாள் முழுவதும் அதனுள் இருப்பவருக்குத் தனிமையாகத் தோன்றக்கூடும்.

மூன்றாவது, பிழைப்பையும் மருத்துவத்தையும் பற்றியது. வருவாய் எங்கிருந்து வரும்? நெஞ்சுவலி வந்த இரவில் எத்தனை மணி நேரத்தில் மருத்துவரை அடைய முடியும்?

நான்காவது, நீரையும் மண்ணையும் பற்றியது. வாங்கும் மனையின் மேற்புறம் எத்தகைய சரிவு? மழைநீர் எவ்வழியே இறங்குகிறது? அந்த வழியின் மீதே வீடு அமையுமா? மலைப்பகுதியில் கட்டடம் கட்டுவதற்குரிய தனி அனுமதி முறையாகப் பெறப்பட்டுள்ளதா? விதியை மீறிக் கட்டிய வீட்டை மலிவாக வாங்குவது நமக்கு மட்டும் இழப்பாக முடியாது. நம் வீட்டிலிருந்து சரியும் மண் கீழ்வீட்டுக் குழந்தையின் மீது விழுமானால் அது அடியாரின் உரிமையைச் சார்ந்த குற்றம். அதன் கணக்கு மறுமை வரை தொடரும்.

இவ்வினாக்களுக்கு நல்ல விடை கிடைத்தவர் பிஸ்மில்லாஹ் சொல்லிச் செல்லட்டும். ஜுர்ஹும் குலத்தாரைப் போல் அனுமதி கேட்டு நுழையும் விருந்தினராகச் செல்லட்டும்.

விடை கிடைக்காதவரும், செல்ல வசதியற்றவரும் இங்கேயே இருப்பார்கள். நம்முள் பெரும்பாலோர் அவர்களே. அவர்களுக்கும் அதே வினாக்கள் உண்டு. கழிவெளியின் எஞ்சிய பரப்பைக் காப்பதும், வீட்டுக் குப்பை அங்கே போய்ச் சேராமல் குறைப்பதும், மழைநீர் வடிகாலை அடைத்துத் திண்ணை கட்டாமல் இருப்பதும், ஏரி நிலம் என்று தெரிந்தே மனை வாங்காமல் இருப்பதும், வெள்ள நாட்களில் பள்ளிவாசலின் கதவை அனைவருக்கும் திறந்து வைப்பதும் நம் கையில் உள்ளவை. ஜும்ஆ நாளில் இவற்றைப் பற்றி இமாம்கள் பேசுவதும், ஜமாஅத் நிர்வாகிகள் பகுதி மக்களோடு சேர்ந்து மாநகராட்சியிடம் முறையிடுவதும் மார்க்கத்துக்கு வெளியே உள்ள செயல்கள் அல்ல.

நாம் எந்த உயரத்தில் குடியிருந்தாலும் நீருக்கு ஒரு வழி உண்டு. நமக்கு முன்பே வாழ்ந்தோர்க்கு ஓர் உரிமை உண்டு. அவ்விரண்டையும் மதிப்பவருக்கு இல்லம் அமைதியின் இடமாகும்.

எல்லாம் வல்ல அல்லாஹ் நம் இல்லங்களைப் பாதுகாப்பானவையாகவும், நம் அண்டைவீட்டாரை நல்லவர்களாகவும், நம்மை அவர்களுக்கு நல்ல அண்டைவீட்டாராகவும் ஆக்குவானாக. மழையை நமக்கு அருளாக்குவானாக. ஆமீன்.